திருச்சி விமான நிலையத்தில் அம்மாவின் கம்பளி

அம்மா செத்துப்போனதை அக்காவிடம் நேரில் சொல்லத்தான் நான் முதன்முதலாக விமானம் ஏறினேன்.

அக்கா கலியாணம் முடிந்த கையோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போனவள். திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறாள். இருதய வருத்தக்காரி. "சித்தி, போன்ல சொல்லிறாதீங்க. நேர்ல வந்து, வீட்டுல உக்கார வச்சு, பக்குவமா சொல்லுங்க" என்றான் அவள் மகன். இலங்கையில், எங்கள் பொகவந்தலாவைத் தோட்டத்தில் அம்மாவைப் புதைத்த நாளிலிருந்து, அக்கா வீடியோ கோல் எடுக்கும்போதெல்லாம் "தூங்குறாங்க", "சிக்னல் இல்ல" என்று சமாளித்துக்கொண்டிருந்தோம்.

ஆறாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவள் நான். எதற்கும் பயம். பாஸ்போட் இருக்கிறதா என்று பையைத் தடவித் தடவியே கட்டுநாயக்க விமான நிலையம் வரை வந்தேன். அந்தப் பையில்தான் அம்மாவின் கறுப்புக் கம்பளியும் இருந்தது. மழையிலும் பனியிலும் அதைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டுதான் அம்மா மலைக்குப் போகும். வேலையை விட்ட பிறகும் அதைத் தோளிலிருந்து இறக்கவில்லை. போனில் அம்மா முகம் தெரிந்தால் கம்பளியும் தெரியும். அக்காவின் பங்காக அதை எடுத்து வந்தேன், எல்லாம் சொல்லி முடித்த பிறகு கொடுக்க.

விமானத்துக்குள் குளிர்காற்று நேராகத் தலையில் இறங்கியது. எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் யார் சொல்வது? கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். பக்கத்து இருக்கையில் சேலை யாவாரத்துக்குப் போகிற பெண் சிரித்தாள்.

"என்னங்க, நுவரெலியாக் குளிரையே போத்திக்கிட்டு வந்திருக்கீங்க! திருச்சியில எறங்குனா வெந்துருவீங்க."

நான் சிரிக்கவில்லை. வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்: 'அக்கா, அம்மாவுக்குக் கொஞ்சம் முடியாமப் போச்சு...'

இறங்கினால் வரிசை, கேள்வி, பெட்டி தேடல். எல்லாவற்றுக்கும் பையைத் தடவிக்கொண்டே நின்றேன். வெளியே போகும் வழி என்று தமிழில் எழுதியிருந்த பலகையைக் கண்டதும் விட்டால் போதுமென்று நடந்தேன். கம்பளி தோளிலேயே கிடந்தது.

கம்பிக்கு அப்பால் அக்கா, பக்கத்தில் அவள் மகன். போனில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தாள். "ஏன்டி, மொத ஆளா ஓடியாருவன்னு பாத்தா கடைசி ஆளா வர்ற!" என்று கையை நீட்டியவள், என் தோளைப் பார்த்து நின்றாள். கம்பளியின் ஓரத்தை விரலால் பிடித்தாள்.

"அம்மாவுக்கு அங்க குளிருமேடி. இத ஏன் எடுத்துட்டு வந்த?"

"அக்கா" என்றேன். அவள் கம்பளியை என் தோளிலிருந்து உருவித் தன் தலையில் போட்டுக்கொண்டு, ஆட்கள் பெட்டி தள்ளிக்கொண்டு போகிற அந்த வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெயில் கொதித்தது. மகன் தண்ணீர் போத்தலைத் திறந்து நீட்டினான். கம்பளிக்குள்ளிருந்து அழுகைதான் வந்தது, போத்தலை வாங்கக் கை வெளியே வரவில்லை.