பாரிஸில் ஓரமாகப் போகிறவர்கள்

பாரிஸை நான் பார்த்ததில்லை. பாஸ்போர்ட்டே கிடையாது. ஓசூரில் செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் வாடகை அறையில் உட்கார்ந்து, போனில் படம் பார்த்துப் பாரிஸ், லிஸ்பன், வெனிஸ் என்று வரைந்து தள்ளுவேன். நம் ஊரை வரையேன் என்பார்கள். தினமும் பார்க்கிற கண்றாவியை எதற்கு வரைய வேண்டும்?

போன வருஷம், பெங்களூரில் வீட்டுச் சுவருக்குப் படம் விற்கும் கடையில் வெளிநாட்டு ஊர்ப் படங்கள் கேட்கிறார்கள் என்று தெரிந்தது. பிடித்துவிட்டால் மாதாமாதம் வாங்கிக்கொள்வார்களாம். கம்பெனிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரைந்துகொண்டே இருக்கலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். படங்களைச் சுருட்டிக்கொண்டு அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூர் போனேன்.

கடைக்காரம்மா ஒவ்வொன்றாக விரித்தார். வானம் நன்றாக இருக்கிறது, கட்டடம் அச்சு அசல் என்றார். நெஞ்சு குளிர்ந்துபோனது. அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"ஏன்ம்மா, ரோடு இவ்ளோ காலியா கெடக்கு. எல்லாரும் எதுக்கு ஓரமா, ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் போறாங்க? யாராவது செத்துட்டாங்களா?"

நானும் குனிந்து பார்த்தேன். எல்லா ஊரிலும் அப்படித்தான் போனார்கள். எங்கள் கம்பெனிக்குள் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். அதற்குள்ளேதான் வரிசையாக நடக்க வேண்டும். கால் வெளியே பட்டால் சூப்பர்வைசர் கத்துவார். அடக் கடவுளே, எங்கோ சுகமாக இருந்த ஜனங்களையும் நானே பிடித்துக் கோட்டுக்குள் தள்ளியிருக்கிறேன்!

"இத மாட்டினா வீடு அழுது வடியும்மா," என்றார். "ஆளுங்க ஜாலியா சுத்தற மாதிரி ஒண்ணே ஒண்ணு வரைஞ்சிட்டு வா. எடுத்துக்கறேன்."

அறையில் என்னோடு இருப்பவள் அஞ்செட்டிப் பக்கத்துக்காரி, அதே கம்பெனி. விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "எல்லாம் நம்ம கம்பெனி பஸ் ஏறத்தான்டி போவுதுங்க!"

"வாய மூடுடி," என்று பிரஷ்ஷை எறிந்தேன். அழுகையாக வந்தது.

பிறகு எத்தனையோ தாள் கிழித்தேன். காதல் ஜோடியை வரைந்தால் முன்னும் பின்னுமாகப் போனது. ஐஸ்கிரீம் தின்னும் குழந்தையை வரைந்தால் அதுவும் சுவரோரம் ஒண்டியது. கடைசியில் பிடிவாதமாக, பாரிஸ் நடுரோட்டில் ஒருத்தியைக் கைவீசி நடக்கவிட்டேன். காய்ந்ததும் தள்ளி நின்று பார்த்தேன். நல்ல கவுன், நல்ல வெயில். ஆனால் அவள் கழுத்தைத் திருப்பி, யார் கத்தப்போகிறார்கள் என்று பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெங்களூரில் போய் என்ன சொல்வது? அவளைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு, திங்கட்கிழமை ஷிஃப்டுக்குச் சட்டையை இஸ்திரி போட உட்கார்ந்தேன்.