மதகுச் சுவரில் ஒரு கறை

அந்தக் கறையைப் பற்றி இன்றாவது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளிலிருந்தே மாத்தளையில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். அப்போது ரிவர்ஸ்டன் மலை பார்க்க வரும் கொழும்பு ஆட்களை இரத்தோட்டைக்கு மேலே, பாதை ஓடையைக் கடக்கும் ஒரு மதகடியில் இறக்கிக் காட்டுவேன். அங்கேதான் சில வருடங்களுக்கு முன், தேயிலைத் தோட்டத்தில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை ஒருவரை யாரோ வெட்டிப் போட்டிருந்தார்கள். கொன்றவன் அகப்படவே இல்லை. "பாருங்க, ரத்தம் இன்னும் போகல்ல" என்று மதகுச் சுவரைக் காட்டுவேன். எல்லோரும் குனிந்து குனிந்து பார்ப்பார்கள். உண்மையில் அது என் வெற்றிலை எச்சில். மலை மழை கழுவிவிடும் என்பதால் வாராவாரம் புதிதாகத் துப்பி வைப்பேன்.

ஒருநாள் தனியாக வந்த ஓர் அம்மா, முந்தானையை ஓடைத் தண்ணீரில் நனைத்து அந்தக் கறையைத் துடைக்கத் தொடங்கினார்.

"தம்பி, செத்தது எங்க அண்ணன்" என்றார்.

ஓடிப்போய்த் தடுத்தேன். "தொடாதீங்க அக்கா. அது ரத்தமில்ல, நான் துப்புன வெத்தில" என்றேன். அறை விழும் என்றே நின்றேன்.

அவர் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நீளமாக மூச்சு விட்டார். "நல்ல வேள தம்பி. அண்ணன் ரத்தம் இத்தன வருசமா கழுவ ஆளில்லாம கெடக்குதேன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அவர்தான் பேசினார். மழை வந்தால் கொழுந்து பறிக்கும் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தோட்டத்துத் துரையிடம் ஏச்சு வாங்குவாராம் அண்ணன்.

இப்போதும் அந்த மதகடியில் நிறுத்துகிறேன். யார் கொன்றது என்று கேட்டால் தெரியாது என்கிறேன். செத்தவர் எப்படிப்பட்டவர் என்று மட்டும் ஆசையாகச் சொல்கிறேன். வாயில் வெற்றிலை இருந்தால், முந்திய வளைவிலேயே துப்பிவிடுவேன்.