அமாவாசைக்கு நின்ற மோட்டார்

பரிமளாவை எங்கள் தெருவில் 'தழைக்காரி' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், அவ்வளவு தைரியம் யாருக்கும் இல்லை. பட்டுச்சேலை நெய்கிற தெருவில், பின்கட்டு அறையைச் சாத்திக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் கீரை வளர்த்தால் வேறு என்ன சொல்வார்கள்? அதுவும் சமைக்காமல் பச்சையாகத் தின்கிற சாலட் கீரை. நான்கூட ஒரு இலையை மென்று பார்த்தேன். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை.

குழாய்களை மாட்டியது அவள் புருஷன் குமரேசன். செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டான். மண் கிடையாது. சுவரோரம் அடுக்கடுக்காக வெள்ளைக் குழாய்கள், அவற்றில் ஓட்டை போட்டுச் செடிகள், மேலே விளக்குகள். ஒரு சின்ன மோட்டார் உரம் கலந்த தண்ணீரைக் குழாய்க்குள் ஓட்டிக்கொண்டே இருக்கும். வேர் அந்த ஈரத்தில்தான் உயிர் வைத்திருக்கும். தகரக் கூரை, வெயில் காலத்தில் ஒன்றும் பிழைக்காது. கார்த்திகையில் குளிர் விழுந்ததும் ஆரம்பித்து, தை முடிவதற்குள் அறுத்துவிட வேண்டும். முதல் அறுப்பைப் பார்க்காமலே குமரேசன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். சாகிற வயசா அது?

மறு வருஷம் பரிமளா தனியாக விதை போட்டாள். வேலூரில் ஒரு பெரிய ஓட்டல் புது வருஷ விருந்துக்குக் கீரை கேட்டிருந்தது. சரக்கு நன்றாக இருந்தால் வருஷாவருஷம் குளிர்காலம் முழுக்க எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். அந்த அறைக்காக இன்னொருவரும் காத்திருந்தார், குமரேசனின் அண்ணன் தனகோடி. முன்கட்டில் விசைத்தறி ஓட்டுகிறவர். பின்கட்டிலும் இரண்டு போட ஆசை.

"இந்த ஒரு அறுப்பு பாக்கறேன். சரியா வரலன்னா தை மாசம் ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடு. எங்கிட்டயே தறி ஓட்டு" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். அந்த அறையும் போனால் மிச்சக் காலம் முழுக்க மூத்தார் கையை எதிர்பார்த்துத்தான் பரிமளா நிற்க வேண்டும்.

தனகோடி கெட்ட மனுஷர் இல்லை. வாய்தான் கெட்டது. எங்கள் ஆட்கள் அமாவாசையன்று நெய்ய மாட்டார்கள். தறியைத் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டி, அன்றைக்கு முழுக்க ஓய்வு விடுவார்கள். விசைத்தறி வந்த பிறகும் அதே கதைதான், மெயினையே அணைத்துவிடுவார்கள். தெருவே சத்தமில்லாமல் கிடக்கும்போது பரிமளாவின் மோட்டார் மட்டும் முனகிக்கொண்டிருக்கும். கார்த்திகை அமாவாசையன்று தனகோடி வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"அது தொழிலா இருந்தா இன்னிக்கு நிறுத்த மாட்டியா? வெளையாடிகினு இருக்கற."

பரிமளா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்கழியில் செடிகள் தளதளவென்று வந்தன. ஓட்டலிலிருந்து ஒருவர் வந்து இலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "அருமைங்க" என்று தனகோடியின் எதிரிலேயே சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தனகோடியின் முகத்தில் இளக்காரம் போய் மரியாதை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, வந்தவாசியில் பரிமளாவின் அம்மா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார்கள். பரிமளா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"ரூமைக் கொஞ்சம் பாத்துக்குங்க மாமா."

"நீ போம்மா. நான் பாத்துக்கறேன்."

அதுவரை அவர் அந்த அறையின் படியை மிதித்ததில்லை. மோட்டாரைப் பற்றி அவளும் ஒன்றும் சொல்லவில்லை. ஓடுகிற மோட்டாரை யார் தொடப் போகிறார்கள்?

மறுநாள் அமாவாசை.

அதற்கடுத்த நாள் முதல் பஸ்ஸில் வந்து கதவைத் திறந்தவளுக்குச் சாம்பிராணி வாசனைதான் முதலில் தெரிந்தது. விளக்குகள் அணைந்திருந்தன. ஒவ்வொரு குழாயிலும் வரிசையாக மஞ்சள் குங்குமம். மோட்டாருக்குச் சாமந்திப் பூ. செடிகள் எல்லாம் குழாய்க்கு வெளியே, பிழிந்து போட்ட துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன.

பின்னாலேயே தனகோடி வந்தார், முகம் கொள்ளாத சிரிப்போடு.

"தறிக்குப் பண்ற மாதிரியே எல்லாம் பண்ணிட்டேம்மா. இதுவும் தொழில்தானே? நேத்து ஃபுல்லா ரெஸ்ட் வுட்டுட்டேன்."

'தொழில்' என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் அத்தனை நாள் காத்திருந்தாள். மோட்டாரைப் போட்டாள், தண்ணீர் ஓடியது. காய்ந்து சுருண்ட வேர் எதைக் குடிக்கும்? விருந்துக்கு வேறு இடத்தில் வாங்கிக்கொள்வதாகவும், இனிமேல் வேண்டாம் என்றும் சொல்லி ஓட்டல்காரர் போனை வைத்துவிட்டார்.

விஷயம் புரிந்ததும் தனகோடி தலையில் அடித்துக்கொண்டார். அறையைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை. "அடுத்த கார்த்திகைக்குப் போடும்மா" என்றுகூடச் சொன்னார்.

"யாரு வாங்குவாங்க மாமா?" என்று கேட்டுவிட்டு, பரிமளாவே சாவியை அவர் கையில் வைத்தாள்.

தையில் குழாய்கள் இறங்கின, இரண்டு விசைத்தறிகள் ஏறின. அவள்தான் ஓட்டுகிறாள். இப்போதும் அமாவாசை வந்தால் அந்த அறையின் மெயினை அவளே அணைத்து, தறிகளுக்குப் பொட்டு வைக்கிறாள். தனகோடி சாம்பிராணித் தட்டோடு வருவார், கதவு வரைக்கும். உள்ளே கால் வைப்பதில்லை. வெளியே நின்றபடியே தட்டை அவளிடம் நீட்டுகிறார்.