லேப்டாப் பொந்தில் ஒரு நீலத் துணி

போன செவ்வாய்க்கிழமை, இரண்டு விரல் அகலத் துணித் துண்டு ஒன்று என்னைத் தூக்கிவாரிப் போட்டுவிட்டது. இதை எழுதும்போதுகூடப் படபடப்பு முழுசாக அடங்கவில்லை. அதனால் இந்த வாரம் அரட்டை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் லேப்டாப்பின் இடது பக்கத்தில் இருக்கும் பொந்தைப் பற்றி முன்பு இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கிறதா? புதிதாகப் படிப்பவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். விசிட்டிங் கார்டு அளவில் ஒரு நீளமான வாய். பக்கத்திலேயே சின்னதாக ஒரு பட்டன். அமுக்கினால் உள்ளேயிருந்து வெற்றுப் பிளாஸ்டிக் அட்டை ஒன்று நழுவி வரும்.

“இது எதுக்குங்க?” என்று கடைக்காரரைக் கேட்டேன்.

“நெட் கார்டு போடலாமுங்க. எக்ஸ்ட்ரா போர்ட் கார்டு போடலாமுங்க.”

“எனக்கு ரெண்டுமே வேண்டாமே?”

“அப்படீன்னா தூசி போகாம அந்த அட்டையே இருக்கட்டுமுங்க.”

காசு கொடுத்து வாங்கிய மிஷினில் தூசிக்கு ஒரு வாசல், அதற்கு ஒரு கதவு! என் மனசு ஆறுமா? அந்தப் பொந்துக்கு ஒரு உபயோகம் கண்டுபிடித்தே தீருவது என்று கிளம்பினேன். விசிட்டிங் கார்டு வைத்துப் பார்த்தேன் — உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு வர மறுத்தது. ரயில் டிக்கெட்டை வைத்தேன். டிக்கெட் பரிசோதகர் முன்னால் லேப்டாப்பைத் தலைகீழாகக் கவிழ்த்து உதற வேண்டியதாயிற்று. அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் இன்னும் என்னை மறந்திருக்க மாட்டார்கள்.

கடைசியில் உபயோகம் கிடைத்தது என் நண்பர் குமாரசாமியின் வடிவத்தில். அவர் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கும் இங்கே வேலை செய்பவர்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அவருக்கு ஒரு தீராத தலைவலி — அப்ரூவல் பிட். துணிக்கு என்ன நிறம் என்று பையர் முடிவு செய்ததும், ஒரு சின்னத் துண்டை இரண்டாக வெட்டி, இரண்டு பாதியையும் இரண்டு அட்டைத் துண்டில் ஒட்டி, அட்டையில் பையரின் கையெழுத்து விழும். ஒரு பாதி அவர்கள் ஆபீசுக்கு, ஒரு பாதி கம்பெனிக்கு. அதற்கப்புறம் சாயம் ஏறி வருகிற ஒவ்வொரு லாட்டும் அந்தத் துண்டோடு ஒத்துப்போக வேண்டும். அது தொலைந்தால் போச்சு. வெளிச்சம் பட்டு வெளுத்தாலும் போச்சு.

“ஃபைல்ல வெச்சா எவனாவது எடுத்துட்டுப் போயிடறானுங்க. டிராயர்ல வெச்சா நானே மறந்துபோடறேனுங்க” என்றார் குமாரசாமி.

அவர் எங்கே போனாலும் கூடவே போவது எது? லேப்டாப். இருட்டாக இருப்பது எது? பொந்து. எனக்குள் பல்பு எரிந்தது. அவருடைய லேப்டாப்பிலும் அதே பொந்து இருந்தது. அதன் பிளாஸ்டிக் அட்டையை உருவினேன். நடுவில் குழிவாக இருந்தது. வெளிர் நீலத் துணித் துண்டை, கையெழுத்துப் போட்ட அட்டையோடு அந்தக் குழியில் வைத்து, மேலே செலோ டேப் ஒட்டி, உள்ளே தள்ளினேன். ‘டக்’கென்று உட்கார்ந்தது. பட்டனை அமுக்கினால் வெளியே. தள்ளினால் உள்ளே. குமாரசாமி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... ஒரு விஞ்ஞானியைப் பார்ப்பதுபோல!

அடுத்த வாரமே அதைப் பெருமையாக எழுதினேன். கடிதங்கள் வந்தன. சோமனூர் வாசகி ஒருவர் தன் மகனின் பள்ளி அடையாள அட்டையை வைத்திருக்கிறாராம். மடத்துக்குளத்து வாசகர் ஒருவர் பம்ப்செட்டுக்கான ஃபியூஸ் கம்பியை வைத்திருப்பதாக எழுதியிருந்தார். ஐயா, தயவுசெய்து இப்போதே அதை எடுத்துவிடுங்கள்.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். காலையில் குமாரசாமியின் போன்.

“ஏனுங்க, உங்க ஐடியா உள்ளாரயே மாட்டிக்கிச்சுங்க. பட்டனை அமுக்குனா வர்றதில்லீங்க. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.”

மனைவியின் ட்வீசரை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். குமாரசாமியின் அறையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். நகக்கண்களில் நீலம். மடியில் ஒரு பழைய நோட்டு. குமாரசாமி என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னார்.

“அவர்தானுங்க டையிங் மாஸ்டர் அந்தோணி. நம்ம துணிக்குச் சாயம் போடறவரு. மொத லாட்டு சரியா வந்துச்சு, தெச்சு அனுப்பிப்போட்டோம். ரெண்டாவது லாட்டுல ஷேடு அடிச்சிருச்சுங்க, நெறம் பிட்டோட ஒத்து வரலீங்க. நான் ரிஜக்ட் பண்ணிட்டேன். டையிங் முதலாளி இவரை வேலைய விட்டே தாட்டி விட்டுட்டார். இப்ப தெனமும் இங்க வந்து உட்கார்ந்துக்கறாருங்க.”

“என்ன சொல்றார்?”

“லாட்டு சரிதான், பிட்டுதான் தப்புங்கறாரு. கையெழுத்துப் போட்ட பிட்டு எப்படீங்க தப்பாவும்?”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கையெழுத்துப் போட்ட துணிதானே இந்த ஊரில் சட்டம்? அந்தோணியைப் பார்த்தபோது பாவமாக இருந்தது. அவ்வளவுதான்.

உட்கார்ந்து, ட்வீசரை விட்டு மெதுவாக இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருப்பது தெரிந்தது. ஒரு வழியாக அட்டை வெளியே வந்தபோது, செலோ டேப் உருகி ஓரமெல்லாம் கோந்தாக வழிந்திருந்தது.

உருகியிருந்தது! ஏன் உருக வேண்டும்?

அந்தோணி எழுந்து வந்தார். லேப்டாப்பைத் தூக்கி அதன் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“சூடு கொதிக்கி. வெயில் படாமத்தான் வச்சிருக்கிய. ஆனா அடுப்பு மேலல்லா வச்சிருக்கிய?”

நானும் கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது.

செவ்வாய்க்கிழமைதோறும் பையர் ஆபீஸ் மேடம் ஒருவர் சரக்குச் சோதனைக்கு வருவார். அன்றைக்கும் கீழே இருந்தார். அவர்களிடம் இருந்த மறுபாதித் துண்டைக் கேட்டுப் பார்க்கலாம் என்றார் அந்தோணி. குமாரசாமி தயங்கினார், பையர் காதுக்குப் பிரச்சினையே போகக்கூடாது என்பது அவர் தொழில் தர்மம். “கேட்டுடலாமுங்க” என்று நான்தான் சொன்னேன். எனக்கு உண்மை தெரிந்தாக வேண்டியிருந்தது.

மேடம் வந்தார். ஷேடு பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் மூன்று துணிகளை வரிசையாக வைத்தார்கள். அவர்களுடைய பாதி, அந்தோணியின் லாட்டிலிருந்து வெட்டிய துண்டு, எங்கள் பொந்துத் துண்டு.

முதல் இரண்டும் அச்சு அசலாக ஒரே நீலம். மூன்றாவதில் மஞ்சள் ஏறி, பச்சையும் நீலமும் கலந்து, அழுக்குப் படிந்த மாதிரி ஒரு நிறம். ஒரே துண்டை இரண்டாக வெட்டியது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

“லாட் கரெக்டா இருக்கே. எதுக்கு ஹோல்ட் பண்ணீங்க?” என்றார் மேடம்.

ஒரு மனிதரின் வேலை போயிருக்கிறது. அவர் கைப்பக்குவத்தில் துளி பிசகில்லை. பிசகியது என் புத்திசாலித்தனம். ஊரெல்லாம் படிக்கிற பக்கத்தில் அதை வேறு எழுதி, மற்றவர்களையும் செய்யச் சொல்லியிருக்கிறேன்... எங்கே போய் முட்டிக்கொள்வது?

மேடம் கிளம்பியதும் இன்னொரு அதிர்ச்சி. குமாரசாமி போனை எடுத்து டையிங் முதலாளியிடம், “ஏனுங்க, அந்த லாட்டை அட்ஜஸ்ட் பண்ணிப் பாஸ் பண்ணிட்டோமுங்க. மாஸ்டரை வரச்சொல்லிக்கோங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவ்வளவுதானா? பத்து வருஷப் பழக்கத்தில் அவரை அப்படி நான் பார்த்ததில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தோணி நகரவில்லை.

“அட்ஜஸ்ட் பண்ணிட்டோம்னா என்ன அர்த்தம் சார்? நான் கெடுத்தத நீங்க மன்னிச்சு விட்டிய, அதானே? நாளைக்கு டையிங் ஷெட்டுக்குள்ள எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?”

குமாரசாமி தலை குனிந்தார். “என்ன பண்ணோனும்னு சொல்லுங்க மாஸ்டர்” என்றார் கடைசியில்.

நான் முந்திக்கொண்டேன். தப்பு என்னுடையது என்று அங்கேயே ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னேன். அவர் வாங்கவில்லை. சுவரைக் காட்டினார். அங்கே என் பத்தியைக் கத்தரித்து ஒட்டி வைத்திருந்தார் குமாரசாமி.

“இங்க உக்காந்து உக்காந்து இத நாலு தடவ படிச்சுட்டேன் சார். ஐடியாவ எதுல எழுதுனியளோ, அதுலயே எழுதுங்க. அது வந்தப்பறம் நான் வேலைக்குப் போறேன்.”

அதாவது, நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நாள்வரை அந்தோணி மாஸ்டர் வேலைக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து இந்தப் பக்கத்துக்காகக் காத்திருக்கிறார். எழுத ஆரம்பித்த இத்தனை காலத்தில், என் பத்திக்காக ஒருவர் நிஜமாகவே காத்திருப்பது இதுதான் முதல் தடவை. அது இப்படியா வர வேண்டும்?

ஆகவே, டையிங் முதலாளி அவர்களே, ஷெட்டில் இருக்கும் நண்பர்களே, கடைசி வரியை மட்டும் சத்தமாகப் படித்துவிடுங்கள்.

அந்தோணி மாஸ்டரின் நீலம் சரியாகத்தான் இருந்தது, கெடுத்தது நான்.