பெண் பார்க்க வந்த சாரைப்பாம்பு

யுத்த காலம். விழுப்புரத்தில் ரைஸ் மில்லில் வேலை பார்த்த ஓர் இருளர் குடும்பம் என்னைப் பெண் பார்க்க ரயிலேறித் திண்டிவனம் வந்தது. நாங்களும் இருளர்தான். ஊருக்கு வெளியே மாந்தோப்பில் காவல். மாப்பிள்ளையை, எங்கள் ஜனமெல்லாம் கூடும் மாசி மகத்தன்று கடற்கரையில் ஏற்கெனவே பார்த்திருந்தேன். பிடித்திருந்தது. சும்மா இல்லை, சோறு இறங்காத அளவுக்குப் பிடித்திருந்தது.

ஆனால் ஒரு பயம். வீட்டுக்குள் நாங்கள் பேசுவது இருளப் பேச்சு. ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள் என்று வெளியே அதில் வாய் திறக்க மாட்டோம். டவுனுக்குப் போனவர்கள் அதை மறந்தே போயிருந்தால்? தமிழ் எனக்குப் பள்ளிக்கூடத்துப் பாஷை. அதில் வாய்ப்பாடு சொல்லலாம், புருஷனோடு சண்டை போட முடியுமா? சண்டை போட முடியாத வீட்டில் என்ன குடித்தனம்! நம் பேச்சு பேசாத வீடென்றால் வேண்டவே வேண்டாம் என்று அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

"டவுன்காரங்க முன்னால நம்ம பேச்சு வந்துச்சு, தோலை உரிச்சிடுவேன்" என்றாள் அம்மா. அதையும் எங்கள் பேச்சில்தான் சொன்னாள். எழுத்தில்லாத பேச்சு அது, இங்கே தமிழில் எழுதுகிறேன். வறுத்து வைத்திருந்த ஈசலை ஒளித்துவிட்டு, இரவல் டம்ளரில் காப்பி போட்டாள். அவள் காப்பி போட்டதே அன்றுதான்.

"காப்பி ஜோரா இருக்குதுங்க" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா, கஷாயம் குடித்த முகத்தோடு. "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்றாள் என் அம்மா. இரண்டு வீட்டாரும் தாசில்தார் முன்னால் நிற்கிறவர்கள் மாதிரி தமிழ் பேசினார்கள். போச்சு, எல்லாம் போச்சு! அப்பா வெற்றிலைத் தட்டை எடுத்தார். தட்டு மாறிவிட்டால் கல்யாணம் நிச்சயம்.

அந்த நேரம் பார்த்துக் கூரையிலிருந்து ஒரு சாரைப்பாம்பு பொத்தென்று விழுந்தது. விஷமில்லாத பாம்பு. எங்கள் பிள்ளைகள் அதை வைத்து விளையாடும். அன்றைக்கோ, "ஐயோ, பாம்புங்க!" என்று அம்மா அலறினாள். "பயமா இருக்குதுங்க!" என்று மாப்பிள்ளையின் அம்மா புடவையைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். ஊருக்கெல்லாம் பாம்பு பிடித்துக் கொடுக்கிற என் அப்பா குடிசையின் நடுக்கம்பத்தைக் கட்டிக்கொண்டார். அடப் பாவிகளா!

எனக்கு வந்ததே கோபம். பாய்ந்து வாலைப் பிடித்துத் தூக்கினேன்.

"கையை நீட்டிப் புடிடி, மேல சுத்திக்கப் போவுது!" என்று கத்தினாள் மாப்பிள்ளையின் அம்மா. சுத்தமான இருளப் பேச்சில்.

டவுன்காரர்கள் என்று நாங்கள் நினைத்திருந்த அவர்களும், பள்ளிக்கூடத்துப் பெண் சிரிப்பாளே என்று வாயைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்! அம்மா முதலில் சிரித்தாள். அப்பா கம்பத்தை விட்டார். ஈசல் வெளியே வந்தது. எல்லாரும் எங்கள் பேச்சில் ஒரே நேரத்தில் பேசினார்கள், காப்பியைத் திட்டினார்கள்.

மாப்பிள்ளை முதன்முதலாக என்னிடம் வாய் திறந்தார். "கை நடுங்குதே?"

"நடுங்கறது பாம்பு. கண்ணு தெரியலையா?"

"இப்பவே எதிர்த்துப் பேசறாளே!" என்று தன் அம்மாவிடம் முறையிட்டார்.

"அதுக்குத்தான்டா வந்தோம். தட்டை மாத்துங்க" என்றாள் அவள்.

தட்டு மாறியபோதும் பாம்பு என் கையில்தான் இருந்தது. எனக்கும் மாப்பிள்ளைக்கும் சண்டை இன்னும் முடிந்திருக்கவில்லை.