பாதி நாத்திகம் பலிக்காது

அல்லிநகரத்தில் நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார், எது புகைந்தாலும் என்னிடம் வரும். அது பிழைப்பு. எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஐயர் இல்லாமல், ஓமம் இல்லாமல், ஜாதகம் பார்க்காமல் கல்யாணம் நடத்தி வைப்பேன். நான் கொஞ்ச நேரம் பேசுவேன், பெண்ணும் மாப்பிள்ளையும் உறுதிமொழி வாசிப்பார்கள், மாலை மாற்றிக்கொள்வார்கள், முடிந்தது. வேண்டுமென்றே ராகு காலத்தில்தான் வைப்பேன். கெட்ட நேரம் என்று ஒன்று கிடையாது என்று காட்ட அதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

தொடக்கத்தில் இதற்காக வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. மண்டபம் தர மாட்டார்கள். சமையல்காரர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார். சொந்தச் சித்தப்பாவே என்னைக் கண்டால் ரோட்டின் அந்தப் பக்கம் நடப்பார். இதையெல்லாம் தாங்குவதற்குக் கோபம் இருந்தால் போதும், அது என்னிடம் தாராளமாக இருந்தது. ஊர் என்னை ஏற்றுக்கொண்டபோதுதான் என்ன செய்வதென்று விளங்கவில்லை.

போன வருஷம் ஒருநாள் காலையில் போடியிலிருந்து ஒரு ஏலக்காய் வியாபாரி கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. மகளுக்கு முப்பது தாண்டிவிட்டதாம். செவ்வாய் தோஷமாம்.

"தேவாரம் ஊர்ல ஒரு மாப்ள அமஞ்சிருக்காருங்கய்யா. ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கு. மாப்ளையோட அம்மாதேன் தோஷத்துக்குப் பயப்படுறாக. சோசியர் ஒரு பரிகாரம் சொல்லியிருக்காக. அதுக்குத்தேன் வந்தேன்."

"பரிகாரத்துக்கு இங்கன எதுக்கு வர்றீக? கோயிலுக்குப் போங்க."

"நீங்கதேன்யா பரிகாரமே."

ராகு காலத்தில், சாமியைக் கூப்பிடாமல், சாமியே இல்லை என்கிற ஆள் முன்னால் நடக்கிற கல்யாணம் செவ்வாய்க்குத் தெரியவே தெரியாதாம். தெரியாததை அது எப்படிக் கெடுக்கும்? கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே போட்டுவிட்டேன்.

அவர் அதோடும் விடவில்லை. கடையைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டார்.

"தப்பா நினைக்காதீக. நெசமாவே கும்பிடுறதில்லைல்ல? நல்லா விசாரிச்சிட்டு வரச் சொன்னாக. பாதி நாத்திகம் பலிக்காதாம்."

அவர் கண் கம்பி சுற்றும் மெஷினில் போய் நின்றது. அதில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன.

"அது ஆயுத பூசைக்கு எம் பொண்டாட்டி வச்சது."

"நீங்க தடுக்கலையா?"

"தடுத்தேன். அவ கேக்கல."

"தடுத்தீகளா? அப்பச் சரி," என்று நிம்மதியாக மூச்சு விட்டார்.

என் நாத்திகத்தை ஒரு பக்தர் பரிசோதித்துப் பார்த்து பாஸ் போட்டது எனக்குப் பொறுக்கவில்லை. எந்திரிச்சுப் போங்க என்று சத்தம் போட்டு அனுப்பிவிட்டேன். சாயங்காலம் என் மனைவியிடம் சொன்னபோது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இத்தன வருசம் சாமி கும்புடாம இருந்ததுக்கு இப்பத்தேன் பலன் கெடச்சிருக்கு," என்றாள்.

மறுநாள் அந்தப் பெண்ணே ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எனக்கு இந்தச் சோசியத்துல எல்லாம் நம்பிக்கை இல்ல சார். நீங்க நடத்துற கல்யாணந்தேன் எனக்கும் ஆசை. இதுக்கு முன்னாடி எத்தனையோ இடம் தட்டிப் போச்சு, நான் கவலப்படல. இவரு போனா எனக்குத் தாங்காது. நீங்க உங்க கொள்கைக்காக வாங்க, அவுக பரிகாரத்துக்காக வரட்டும். மால ஒண்ணுதான சார்?"

அவள் கணக்கில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. வருகிறேன் என்றேன். ஆனால் மேடையில் சோசியத்தைக் கிழி கிழி என்று கிழித்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். தேவாரத்து மண்டபத்தில் முதல் வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா பச்சைப் பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சோசியர், கையில் காப்பி டம்ளருடன். நான் மைக்கைப் பிடித்துத் தொடங்கினேன். செவ்வாய் என்பது ஒரு புழுதி உருண்டை, அதற்குப் போடியும் தெரியாது தேவாரமும் தெரியாது என்றேன். அந்த அம்மா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டார். சோசியம் ஏமாற்று வேலை என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். நான் குரலை உயர்த்த உயர்த்த அவருக்குப் பக்தி கூடிக்கொண்டே போனது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "இன்னும் நல்லாத் திட்டுங்கய்யா, தோஷம் முழுசாப் போகட்டும்," என்று குரல் கொடுத்தார். சோசியர் தாளம் போடாத குறையாகத் தலையை ஆட்டினார்.

எனக்கு வெறி ஏறிவிட்டது. நிறுத்தாமல் பேசினேன். கீழே பெண்ணின் அப்பா மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். "ஐயா, ராகு காலம் முடியப் போகுது! சட்டுப்புட்டுன்னு முடிங்க!" மண்டபம் முழுக்க செல்போனை எடுத்து மணி பார்த்தது. ராகு காலம் தவறிவிடக் கூடாதே என்று ஒரு கல்யாணக் கூட்டமே பதறுவதை என் சர்வீஸில் அன்றுதான் பார்த்தேன்.

தவறட்டுமே, எல்லோருக்கும் புத்தி வரட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்போது பெண்ணைப் பார்த்தேன். மாலையைக் கையில் பிடித்தபடி அவள் மாப்பிள்ளையின் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டு உறுதிமொழியை வாசிக்கச் சொன்னேன். இருவரும் விழுந்தடித்து வாசித்தார்கள். மாப்பிள்ளை மாலையைப் போட்டுவிட்டார். அவள் தன் மாலையைத் தூக்கினாள். அது மைக் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள். ஸ்டாண்டு அவள் முகத்தை நோக்கிச் சாய்ந்தது. பாய்ந்து பிடித்தேன். மைக் என் வாய்க்கு நேராக இருந்தது.

"ஐயோ கடவுளே!"

மேடை ஸ்பீக்கர் இரண்டிலும், தெருவில் கட்டியிருந்த குழாயிலும் அது கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். "கூப்பிட்டுட்டாகளே! சோசியரே, சாமியக் கூப்பிட்டுட்டாகளே! செவ்வாய்க்குத் தெரிஞ்சு போயிருக்குமே!" பிறகு மகனைப் பார்த்து, "ஏலே, மாலையக் கழட்டிட்டு எறங்கி வாடா," என்றார்.

மாப்பிள்ளை நகரவில்லை, கழற்றவும் இல்லை. பெண் போடாத மாலையோடு அவரையே பார்த்தாள். கடவுள் இல்லை என்று எத்தனையோ மேடைகளில் முழங்கிய நான் மைக் ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். என்னால் ஒரு பெண்ணின் வாழ்க்கை போய்விடப் போகிறது என்று உண்மையாகவே பயந்தேன்.

சோசியர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து நின்று வாசலைப் பார்த்தார். மேலே ஃபேனைப் பார்த்தார். மேடையை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்த்தார்.

"கூப்பிட்டாக, சரி. யாரும் வந்தாகளா?"

அந்த அம்மாவும் சுற்றிப் பார்த்தார். "வரலையே."

"பெறகென்ன? ஏம்மா, மாலையப் போடு. இன்னும் நேரமிருக்கு."

அவள் போட்டாள். நாதஸ்வரம் இல்லாத குறையைக் கைத்தட்டல் தீர்த்தது. இத்தனை வருஷத்தில் எந்த மேடையிலும் கடவுள் இல்லை என்பதை நான் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

டிபனுக்குச் சோசியர் பக்கத்தில் இடம் கிடைத்தது. எரிச்சல் அடங்காமல் கேட்டேன். "இந்தப் பரிகாரம் எந்தச் சாஸ்திரத்துல இருக்கு?"

"எதுலயும் இல்ல," என்றார் அவர், இட்லியைப் பிட்டுக்கொண்டே. "நானும் என்னென்னமோ பரிகாரம் சொல்லிப் பாத்தேன். மாப்ளையோட அம்மா ஒவ்வொண்ணையும் வேற சோசியர்ட்டக் கொண்டுபோயி, இது பத்தாதாம்னு திரும்பி வந்தாக. இந்த டீச்சர் புள்ள எங்கிட்ட வந்து அழுதுச்சு. உங்களப் பத்தாதுன்னு எந்தச் சோசியராலயும் சொல்ல முடியாதுல்ல?"

எதிர் வரிசையில் மாமியார் தன் இலையிலிருந்த கேசரியை எடுத்து மருமகள் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தார். அவள் வாய் நிறையக் கேசரியோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு எந்தக் கைத்தட்டலிலும் வந்ததில்லை.

"சின்னமனூர்ல இதே மாதிரி ஒரு புள்ள இருக்கு," என்றார் சோசியர் மெதுவாக. "வருவீகளா?"

நான் இலையை மூடினேன்.

"எந்தக் கிழமைன்னு சொல்லுங்க," என்றேன். "ராகு காலம் பாக்கணும்ல."