பாபின் கட்டில்

அப்போது எங்கள் வீட்டில் மரச்சாமான் என்று சொல்ல இரண்டே இரண்டுதான் இருந்தன. ஒன்று கயிற்றுக் கட்டில், இன்னொன்று முக்காலி. முக்காலிக்கு ஒரு கால் ஆடும். என் கணவர் நூல் மில்லில் ஃபிட்டர். ஊரில் இருக்கிற இயந்திரங்களையெல்லாம் சரிசெய்கிறவருக்கு வீட்டு முக்காலியின் காலை இறுக்க ஒரு ஞாயிறு கிடைக்கவில்லை. நானும் நினைவுபடுத்தத் தயங்குவேன். வேலையிலிருந்து களைத்து வருகிறவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்து குழந்தை மேல் அது சாய்ந்துவிட்டால்? இப்படி யோசித்தே பாதி நாள் போய்விடும்.

சிங்காநல்லூர்ப் பக்கம் லைன் வீடு. வரிசையாக ஆறு வீடுகள், ஆளுக்கு ஓர் அறை, ஒரு சமையல் மூலை. ஒரு வீட்டில் தட்டு விழுந்தால் ஆறு வீட்டிலும் குழந்தைகள் விழித்துக்கொள்ளும். என் மகளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. தரையில் படுக்க வைக்கப் பயம், பின்னாலிருந்த பருத்திக் காட்டிலிருந்து ஒருமுறை தேள் வந்திருந்தது. அதனால் கயிற்றுக் கட்டிலில் சுவர் ஓரமாகப் படுக்க வைப்பேன். அவள் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு உருண்டு வந்துவிடுவாள். இரண்டாம் முறை விழுந்தபோது தண்ணீர்ப் பானை வைத்திருந்த கல்லில் நெற்றி பட்டு மூன்று தையல்.

அந்த மூன்று தையலும் எங்களுக்கு முன்னால் பஸ் ஏறி அன்னூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த என் மாமனாரிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. அவர் என் கணவருக்கு ஒரு கார்டு எழுதினார். "மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வீட்டைப் பார்க்கிறேன். குழந்தைக்கு அங்கே வசதி சரியில்லையானால் உங்களுக்கு மில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரை ஊரில் உன் தாயாரிடம் இருக்கட்டும். தோதாக அவள் துணிகளை எடுத்து வைக்கவும்."

குவார்ட்டர்ஸ் கிடைக்க இரண்டு வருஷமும் ஆகலாம், மூன்று வருஷமும் ஆகலாம். கார்டை நான் ஏழெட்டு முறை படித்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றும் பட்டது, அதுதான் இன்னும் மோசம். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், ஒரு குழந்தையைக் கட்டிலில் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

மாமனாரிடம் நேரில் பேசி மன்றாடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எங்கள் வீட்டு வழக்கப்படி மருமகள் மாமனார் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டாள், அவரும் மருமகளிடம் நேராகப் பேசமாட்டார். நடுவில் யாராவது வேண்டும். கல்யாணமாகிப் போன புதிதில் வீட்டில் அப்படி யாரும் இல்லாத நேரத்தில் அவர் வாசலில் கட்டியிருந்த கன்றுக்குட்டியிடம் பேசுவார். "ஏங்கண்ணு, மோர் இருக்குதான்னு கேளு." நானும் உள்ளிருந்து கன்றுக்குட்டிக்குத்தான் பதில் சொல்வேன். "இருக்குதுன்னு சொல்லு, கொண்டாரேன்." மகள் பிறந்து அவளுக்குப் பேச்சு வந்த பிறகுதான் கன்றுக்குட்டிக்கு அந்த வேலையிலிருந்து விடுதலை கிடைத்தது.

கார்டு வந்த இரண்டாம் நாள், பழைய பத்திரிகை ஒன்றில் கண்ட படம் எனக்கு ஞாபகம் வந்தது. பெட்டிப் பலகைகளைக் கொண்டு ஒரு பெண் தன் அறையையே மாற்றியிருந்தாள். அவளுடைய அறை எங்கள் லைன் வீட்டைப்போல நான்கு மடங்கு இருக்கும். அவள் பலகை தூக்கும்போதும் முத்துமாலை போட்டிருந்தாள். இருந்தாலும் பெட்டி பெட்டிதானே?

மில்லுக்கு அப்போது புது இயந்திரங்கள் வந்து இறங்கியிருந்தன. அவை வந்த பெரிய மரப்பெட்டிகளைத் தொழிலாளிகளுக்குச் சல்லிசாகக் கொடுத்தார்கள். என் கணவர் மூன்று பெட்டிகளை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எங்கள் லைனே வாசலுக்கு வந்து நின்றது. பக்கத்து வீட்டு அக்கா, பத்து வருஷமாக மில்லில் நூல் சுற்றுகிறவர், வாய் மட்டும் எந்த ஷிப்டிலும் ஓயாது.

"ஏனுங்க தம்பி, மிசினை உட்டுப்போட்டுப் பொட்டியக் கொண்டாந்துட்டீங்களா?"

"மிசின் ஊட்டுக்குள்ள நுழையாதுங்கக்கா" என்றார் இவர்.

முதல் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் வருவார், இருட்டும் வரை ரம்பம் பிடிப்பார். பலகையை அசையாமல் பிடிப்பதும் உப்புத்தாள் தேய்ப்பதும் என் வேலை. பிடுங்கிய ஆணிகள் எல்லாம் வளைந்திருந்தன. அவற்றை அம்மிக்கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, ஒரு டப்பாவில் எண்ணிப் போட்டேன். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் போயிற்று. அன்று முழுவதும் மகளின் வாயைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு, என்னைக் கண்டாலே 'ஆ' என்று வாயைத் திறக்க ஆரம்பித்தாள்.

இரண்டு பெட்டிகளைச் சேர்த்துச் சுவரோரம் போட்டு மேலே பலகை அடித்தோம். உட்கார சோபா, பலகையைத் தூக்கினால் உள்ளே துணி வைக்க இடம். பெட்டியில் 'இந்தப் பக்கம் மேலே' என்று காட்டுகிற பெரிய கறுப்பு அம்பு இருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. நாங்கள் பெட்டியைத் தலைகீழாக வைத்திருந்ததால் அது தரையைக் காட்டியது.

"நல்லதாப் போச்சு" என்றார் அக்கா. "வர்றவங்களைக் கீழ உக்காருங்கன்னு அதே சொல்லிப்போடும்."

மூன்றாவது பெட்டிதான் முக்கியம். அதன் பக்கங்களைப் பாதியாக அறுத்து மகளுக்குக் கட்டில் ஆக்கினோம். ஆனால் பாதி உயரப் பலகையை அவள் தாண்டிவிடுவாளே? அதற்கு மேல் தடுப்பு வேண்டும். இவர் மில்லில் கழித்துப் போட்ட மர பாபின்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். நூல் சுற்றுகிற பாபினுக்கு நடுவில் ஓட்டை இருக்கும். இரும்புக் கம்பியில் அவற்றை வரிசையாகக் கோத்து, நாலு பக்கமும் மூன்று மூன்று கம்பி கட்டினார். கையால் தள்ளினால் பாபின்கள் கடகடவென்று சுழலும். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் குழந்தையின் தலை மாட்டிக்கொள்ளுமோ என்று எனக்குச் சந்தேகம். அவள் தலை அளவுக்கு ஒரு சொம்பைத் தேடி எடுத்து, எல்லா இடைவெளியிலும் நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. மறுநாள் வேறொரு சொம்பால் பார்த்தேன்.

அடுத்தது சோபாவுக்கு மெத்தை. உள்ளே வைக்கப் பழைய சேலைகள் இருந்தன, மேலே உறை வேண்டும். அக்கா வீட்டுக்காரர் கட்டட வேலைக்குப் போகிறவர். மதுக்கரை சிமெண்ட் வந்த சணல் சாக்குகள் நாலு கொடுத்தார். நல்ல கனமான சாக்கு. துவைத்துத் தைத்தால் சோபா உறைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நான் சுத்தம் பார்க்கிறவள், ஒரு இரவு முழுக்கத் தொட்டியில் ஊறப் போட்டேன். உதறிவிட்டு ஊறப் போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. மறுநாள் வெயிலில் காயவைத்தேன். சாயங்காலம் எடுக்கப் போனால் சாக்குகள் மடங்கவில்லை. கொடியிலிருந்து எடுத்துச் சுவரில் சாத்தினேன், நான்கும் அப்படியே நின்றன.

அக்கா வந்து ஒன்றை விரலால் தட்டிப் பார்த்தார். "டொக் டொக்" என்றது.

"ஏன் அம்மணி, கதவு செய்யப் போறேன்னு முன்னாலயே சொல்லப்படாதா? கீல் வாங்கியாந்திருப்பேனே!"

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. மாமனார் வர ஆறு நாள்தான் இருந்தது. இனி இந்த வீட்டுக்குள் வருகிற எதையும் தண்ணீரில் போடுவதில்லை என்று அன்று முடிவு செய்தேன். அந்த முடிவால்தான் பின்னால் எல்லாம் வந்தது.

சாக்கு போனதும் இவர் மில்லிலிருந்து கழிவு நூல் கொண்டுவந்தார். நல்ல ரோஸ் நிறம், நாங்கள் யாரும் கட்டியிராத நிறம். அதைச் சடை பின்னுவதுபோல மூன்று மூன்றாகப் பின்னி, பின்னியதை வரிசையாக அடுக்கித் தைத்தேன். அடுப்பில் சோறு வேகும்போதும் பின்னினேன். மகள் தூங்கும்போதும் பின்னினேன்.

"சடை பின்னியாச்சு. சோபாவுக்குப் பூ வெச்சுப் பொட்டு வெக்கறது எப்போ?" என்று கேட்டார் அக்கா.

தைத்து முடித்ததை ஒருமுறை அலசிப் போடலாமா என்று கை போயிற்று. சாக்கு ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வெயிலில் மாமனார் பஸ் இறங்கி நடந்து வந்தார். நீலம் போட்டு வெளுத்த வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, உடம்பெல்லாம் வேர்வை. வந்ததும் நேராக அந்த ரோஸ் மெத்தையில் உட்கார்ந்தார். நான் சமையல் மூலையில் திரைக்குப் பின்னால் நின்றேன். உட்கார்ந்தபடி கையால் மெத்தையை அமுக்கிப் பார்த்தது தெரிந்தது. பேத்தியைக் கூப்பிட்டு நெற்றித் தழும்பைத் தடவினார். அவளுக்கு அவர் 'அப்பாரு', எங்கள் பக்கத்தில் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மோர் குடித்தார். அவள் அவர் விரலைப் பிடித்து இழுத்துக் கட்டிலைக் காட்டினாள். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே குனிந்து, கட்டிலின் பக்கத்தைப் பிடித்து ஆட்டினார். ஆடவில்லை. கம்பிகளுக்கு நடுவில் கையை விட்டார்.

"ஏங்கண்ணு, தலை மாட்டிக்காதான்னு உங்கம்மாகிட்டக் கேளு."

"மாட்டாதுன்னு சொல்லு கண்ணு. சொம்பு உட்டுப் பாத்தாச்சு."

"சொம்பா?"

"ரெண்டு சொம்புன்னு சொல்லு."

'சொம்பு' என்றாள் மகள், நடுவிலிருக்கிற வேலையைச் சரியாகச் செய்து.

அவர் பாபின்களை ஒருமுறை தள்ளிவிட்டார், கடகடவென்று ஓடின. "கொழாய்ல தண்ணி எப்படி வருதுன்னு பாத்துட்டு வாரேன்" என்று எழுந்தார். எழுந்து திரும்பியபோது நானும் என் கணவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். வேட்டியின் பின்பக்கம் முழுக்க ரோஸ். சடைகள் வரிசை வரிசையாக, நான் தைத்தபடியே பதிந்திருந்தன.

குழாயடியில் ஆறு வீட்டுப் பெண்களும் இருப்பார்கள். அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று என் கணவர் திரைப் பக்கம் பார்த்தார். மாமனார் நிலைப்படிக்கு வந்துவிட்டார். திரைக்குப் பின்னாலிருந்து என் குரல் எனக்கே தெரியாமல் உரக்க வந்தது.

"கண்ணு, அப்பாரு வேட்டியைப் பின்னால பாக்கச் சொல்லு!"

மகள் ஓடிப்போய் அவர் பின்பக்கத்தில் பட்டென்று தட்டினாள். "அப்பாரு, ரோசு!"

அவர் இந்தத் தோளுக்கு மேலாகப் பார்த்தார், அந்தத் தோளுக்கு மேலாகப் பார்த்தார். பார்ப்பதற்காக ஒரு சுற்றே சுற்றினார். பிறகு வேட்டியை முன்னால் இழுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஊர்த் திருவிழாவில் மஞ்சள் நீர் ஊற்றி விளையாடுவதை நினைத்தவர்போலச் சொன்னார். "மாரியம்மன் நோம்பி இன்னும் சாட்டவே இல்லியே! அதுக்குள்ள எம்மேல யாரு மஞ்சத்தண்ணி ஊத்துனது?"

"அது அடையாளச் சாயமுங்கப்பா" என்றார் இவர் மெதுவாக. "ஒரு ரகப் பஞ்சு இன்னொரு ரகத்துல கலந்துரக் கூடாதுன்னு மில்லுல போடறது. ஈரம் பட்டா வந்துருமுங்க. அலசுனாப் போயிரும்."

தெரிந்திருந்ததா! நான் திரையின் ஓரத்திலிருந்து என் கணவரைப் பார்த்தேன். நீ கேட்கவில்லையே என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார்.

மாமனார் பச்சைக் கரை போட்ட மகனின் வேட்டியைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டார். சாப்பிட்டபின் சோபாப் பக்கம் போகவில்லை, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதன் கால் ஆடியது. எனக்கு அத்தனையும் முடிந்துவிட்டதாகத் தோன்றியது. மகளின் துணிகள் சோபாவுக்குள்தான் இருந்தன, அவர் கார்டில் எழுதியபடி மடித்து வைத்திருந்தேன். எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டார்.

"உன்னையக் கூட்டிட்டுப் போறதுன்னுதான் கண்ணு வந்தேன்" என்றார். கொஞ்ச நேரம் அவள் வளையலைத் திருப்பிக்கொண்டிருந்தார். "ஆனா உன்னையக் கொண்டுபோயி அங்க வெச்சுட்டா, உங்கம்மாகிட்ட நான் யாரைய உட்டுப் பேசறது? கன்னுக்குட்டியும் பெருசாயி வண்டிக்குப் போயிருச்சு."

நான் திரைக்குள்ளேயே நின்றேன். திரைக்கு வெளியே வந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

"உங்கம்மாகிட்டச் சொல்லு. நோம்பிக்கு ஊருக்கு வரும்போது இதே மாதிரி ஒரு கட்டில் நம்மூட்டுக்கும் வேணும். அங்க வந்து உழுந்து வெச்சீன்னா உங்க அப்பத்தா என்னையத்தான் பேசுவா."

"சரின்னு சொல்லு கண்ணு" என்றேன்.

அவர் பஸ் ஏறியதும் வேட்டியைத் தண்ணீரில் போட்டேன். ஒரே அலசல், எல்லாச் சாயமும் போய்விட்டது. அதே தண்ணீரில் மெத்தை உறையையும் போட்டேன். அதன் ரோஸும் போய்ச் சாம்பல் வெள்ளையாக வந்தது. மகள் இரண்டு நாள் 'ரோசு எங்க' என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் மனதை மாற்றியது கட்டில்தானா, அல்லது நெற்றித் தழும்பு ஆறியிருந்ததா, அல்லது அன்று வைத்த பச்சைப்பயிற்றுக் குழம்பா? சாயம் ஒட்டாமலிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள், நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த வருஷ நோம்பித் திருவிழாவுக்கு இன்னொரு கட்டில் செய்து கொண்டுபோனோம். அதற்கு மூன்று கம்பி போதாது என்று நாலாகப் போடச் சொல்லியிருந்தேன். போன மறுநாள் மத்தியானம், மகளைத் தூங்க வைத்துவிட்டு அடுப்படியில் இருந்தேன். அறையிலிருந்து கடகடவென்று சத்தம் கேட்டது. எழுந்துவிட்டாள், ஏறப் பார்க்கிறாள் என்று ஓடினேன். அவள் வாயைத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கீழே உட்கார்ந்து மாமனார் பாபின்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்டு, தூங்குகிற பேத்தியைப் பார்த்துச் சொன்னார்.

"உங்கம்மாகிட்டச் சொல்லு கண்ணு. மேல்கம்பியில ஒண்ணு சுத்த மாட்டேங்குது."

நான் கதவோரமாக நின்று அதே தூங்குகிறவளிடம் சொன்னேன். "ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் உட்டாச் சரியாப் போயிரும்னு சொல்லு கண்ணு. கொண்டாரேன்."